ஹாலுக்குள் ஒரு லாரி கடல்

பீளமேட்டு வீட்டு ஹாலுக்குள் கடலைக் கொண்டுவந்து வைக்கலாம் என்று நினைக்க, என் மகன் சென்னகேசவனைப் போல இன்ஜினியரிங் படித்த ஆள்தான் வேண்டும். கடல் எங்கே இருக்கிறது, கோயமுத்தூர் எங்கே இருக்கிறது. மேற்கே பாலக்காட்டையும் தாண்டிப் போனால்தான் அது கண்ணிலேயே படும். அதை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, ஜன்னல் வழியாக ஹோஸ் விட்டு இறக்கினான். வேண்டாம் என்றுதான் சொன்னேன். யார் கேட்டார்கள்.

எதற்காக என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பணக்கொழுப்பு என்று நினைத்துக்கொள்வீர்கள். கொழுக்கிற அளவுக்கு அந்த வருஷம் எங்களிடம் ஒன்றும் இல்லை. கணபதியில் எங்களுக்கு ஒரு ஃபவுண்டரி, பக்கத்திலேயே பம்பு மாட்டுகிற ஷெட்டு. காங்கேயம், கிணத்துக்கடவு, சத்தியமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் எங்கள் பம்பு கிணற்று மேட்டில் ஓடும். பிறகு கிணறெல்லாம் வற்றி, ஆளாளுக்குப் போர் போட்டு, நீர்மூழ்கி மோட்டாரை உள்ளே இறக்கிவிட்டார்கள். மேட்டில் வைக்கிற பம்பை அப்புறம் யார் வாங்குவார்கள். தொண்ணூற்று நாலில் ஆட்களுக்குப் பாதி ஷிப்டு வேலை கொடுப்பதற்கே முழி பிதுங்கியது.

அந்த நேரத்தில்தான் நெல்லூரிலிருந்து பெஞ்சலய்யா என்பவர் கேசவனுக்கு போன் செய்தார். அரிசி மில் வைத்திருந்தவர். அந்தப் பக்கம் எல்லாரும் இறாலில் இறங்கிவிட்டார்கள் என்று அவரும் கடற்கரையில் இடம் வாங்கி, இறால் குஞ்சு பொரிக்கிற பண்ணை கட்டிக்கொண்டிருந்தார். தொட்டி தொட்டியாகக் கடல் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு வேண்டிய பம்பு அத்தனையும் ஒரே இடத்தில் வாங்குவதாக இருந்தார். அவருக்குச் சரியாக அமைந்தால் அவர் பங்காளிகளும் அதையே வாங்குவார்கள். அந்த ஆர்டர் வந்தால் ஃபவுண்டரியில் முழு ஷிப்டு ஓடும். வராவிட்டால் தீபாவளியோடு ஆட்களை நிறுத்த வேண்டியதுதான். இதில் ஒளிவுமறைவு இல்லை, ஆட்களுக்கே தெரியும்.

"வாயில சொன்னா நம்ப மாட்டாருங்க நைனா," என்றான் கேசவன். "கண்ணுல காட்டோணும். நம்ம பம்புலயே கடல் தண்ணி ஓடி, அதுல மீனும் எறாவும் நீந்தறதப் பாத்தா, மனுசன் அந்த எடத்துலயே கையெழுத்துப் போட்டுருவாரு."

"அதுக்கு ஷெட்டுல ஒரு சிமெண்ட் தொட்டி போதாதா?"

"வர்றவரு பெரிய ஆளுங்க. ஊட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டு, ஹால்ல உக்கார வெச்சுக் காட்டோணும். நீங்க சித்தெ கம்முனு இருங்க."

கம்மென்று இருந்தேன். அதுதான் தப்பு.

தொட்டி வந்த நாளிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. ஒரு ஆள் தாராளமாக நீட்டிப் படுக்கிற நீளம். தடிக் கண்ணாடி, ஓரமெல்லாம் சிலிகான் பசை, அடியில் எங்கள் ஷெட்டிலேயே வெல்டிங் வைத்த ஆங்கிள் ஸ்டாண்டு. ஊஞ்சலைக் கழற்றி மாடிக்கு ஏற்றிவிட்டான். சோபாவைத் தள்ளி வாசலை மறித்துப் போட்டான். ஒழுகுகிறதா என்று பார்க்க முதலில் நல்ல தண்ணீர் நிரப்ப வேண்டுமாம். போர்த் தண்ணீர் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் படியும் என்று சொல்லி, சிறுவாணித் தண்ணீர் வந்த அன்றைக்குக் குழாயில் டியூபை மாட்டிவிட்டான். என் வீட்டுக்காரி நாச்சியம்மாளுக்கு வந்ததே கோபம்.

"ஏனுங்க, ஊரே குடத்தத் தூக்கிட்டு அலையுது. குடிக்கற தண்ணியக் கண்ணாடிப் பொட்டில அடைச்சு வேடிக்க பாக்கறானுங்க உங்க பையன்."

"உன்ற பையன் இல்லையா?"

"இன்னைக்கு உங்க பையன்."

மூலையில் ஒழுகியது. மறுபடி பசை வைத்தார்கள். மறுபடி நிரப்பினார்கள். நாங்கள் குடிக்கப் பக்கத்து வீட்டில் ஒரு குடம் தண்ணீர் வாங்கினோம்.

கடல் தண்ணீருக்கும் மீனுக்கும் கேசவன் பிடித்த ஆள் மைதீன் பிச்சை. உக்கடத்தில் வண்ண மீன் கடை வைத்திருந்தான். லாரியில் பிளாஸ்டிக் டாங்கியை ஏற்றிக்கொண்டு பொன்னானிப் பக்கம் போய் ரொப்பிக்கொண்டு வந்தான். வருகிற வழியில் செக்போஸ்ட்டில் நிறுத்தி என்ன லோடு என்று கேட்டிருக்கிறார்கள். கடல் தண்ணி என்றிருக்கிறான். உப்புத் தண்ணியை எவனாவது கோயமுத்தூருக்குக் கொண்டுபோவானா, ஸ்பிரிட்டாகத்தான் இருக்கும் என்று மூடியைத் திறக்கச் சொல்லி, ஒருத்தர் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாராம். மைதீன் பிச்சை இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூடியைத் திறந்தார்கள் என்றால் உள்ளே என்னென்ன விழுந்ததோ. அதுவும் இவன் பொன்னானிக்குத்தான் போனானா, இல்லை வழியில் ஏதாவது கழிமுகத்தில் ரொப்பிக்கொண்டு, மிச்சத்துக்குப் போர்த் தண்ணீரை ஊற்றி உப்பைக் கரைத்தானா, யார் கண்டது.

இறக்கும்போது ஹோஸ் கழன்று, நாச்சியம்மாள் வளர்த்த மல்லிகைக் கொடியின் வேரில் கொஞ்ச நேரம் ஓடிவிட்டது. வாரம் திரும்புவதற்குள் கொடி கருகியது. அதற்கும் நான்தான் பேச்சு வாங்கினேன்.

பம்பு விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. வார்ப்பிரும்பு உப்புத் தண்ணீரில் துருப்பிடித்துச் சக்கையாகிவிடும். அதனால் பாடி, உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லர் இரண்டையும் கன்மெட்டலில் வார்த்துக் கொடுத்தேன். கன்மெட்டல் என்றால் செம்பும் வெள்ளீயமும் கலந்தது, பெரும்பங்கு செம்பு. கப்பலுக்குப் போடுகிற சாமான். நானே உலைப்பக்கம் நின்று ஊற்ற வைத்தேன். பாடியில் ‘வெங்கடபதி’ என்று என் பேர் எழும்பி நிற்கும். ஆரம்பத்திலிருந்து எல்லாப் பம்பிலும் அப்படித்தான் வார்ப்பது. மைதீன் பிச்சை தன் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பம்பைக் கொண்டுவந்தான்.

"மீனுத் தொட்டிக்கு எல்லாரும் இதத்தான் போடறாங்க மொதலாளி."

"என்னப்பா இது, சோப்பு டப்பாவாட்ட இருக்குது. பம்புக் கம்பெனிக்காரன் ஊட்டுல உன்ற சோப்பு டப்பா ஓடுனா, நாளைக்கு நான் தலை நிமிந்து நடக்கறதா?"

கேசவனும் சிரித்தான். நெல்லூர்க்காரருக்குக் காட்ட வேண்டியதே எங்கள் பம்பைத்தானே. சோப்பு டப்பா திரும்பிப் போயிற்று.

அடியில் மணல், சிப்பித் தூள், ஒரு பக்கம் கரிக்கட்டை வைத்த ஃபில்டர். பம்பைப் போட்டதும் தண்ணீர் சுழன்று, நிஜமாகவே கடல் மாதிரி ஓரத்தில் நுரை தள்ளியது. மீனை விட்டார்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டது கொஞ்சம், தட்டையாக மஞ்சளாக இருந்தது கொஞ்சம். நெல்லூர்க்காரருக்காக ஒரு கூடை உயிர் இறால். நாச்சியம்மாள் கூட அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குதுங்க," என்றாள்.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் இறால் எல்லாம் மல்லாந்து கிடந்தது. அதற்கு அடுத்த நாள் மஞ்சள் மீன். பட்டை போட்டது கொஞ்சம் தாக்குப்பிடித்தது, பிறகு அதுவும் போயிற்று. ஹாலில் நாற்றம் தாங்கவில்லை. எங்கள் வீட்டில் முட்டை கூட நுழையாது. நாச்சியம்மாள் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு, தொட்டி மேல் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டாள், கண்ணு பட்டுவிட்டதாம்.

கண்ணாவது மண்ணாவது. நான் மைதீன் பிச்சையைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

"ஏப்பா, உண்மையச் சொல்லு. எந்தப் போர்ல ரொப்புன?"

"அல்லா சத்தியமா கடல்ல புடிச்சதுங்க மொதலாளி. கரையில புடிச்சாச் சேறு வரும்னு படகுல போயிப் புடிச்சேன்."

"சத்தியம் எல்லாம் எங்கிட்டப் பண்ணாத. போர்த் தண்ணில உப்பக் கொட்டிக் கலக்கிட்டு வந்துட்டு, படகுல போனானாம்."

அவன் தொட்டிக்குள் கையை விட்டு, ஒரு கை அள்ளி வாயில் ஊற்றிக் கொப்பளித்து விழுங்கினான். செத்த மீன் மிதந்த தண்ணீர். கேசவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கடலு கடலுதானுங்க. நாக்குக்குத் தெரியுமுங்க," என்றான்.

"உன்ற நாக்கு உனக்குத்தான சொல்லும்."

மறுபடி லாரி போயிற்று. இந்தத் தடவை நான் ஏமாறத் தயாராக இல்லை. வீட்டுக்குப் பின்னால் நீல டிரம் ஒன்று இருந்தது. அதைக் கழுவிக் காயவைத்து, அதே லாரியிலிருந்து அதே தண்ணீரைப் பிடித்து வைத்தேன். அதே பையிலிருந்து இரண்டு மீனையும் கொஞ்சம் இறாலையும் எடுத்து அதில் விட்டேன். காற்று விடுகிற சின்ன மோட்டாரை மட்டும் மாட்டினேன். மிச்சத் தண்ணீரை இன்னொரு டாங்கியில் மூடி வைத்தேன், பாதி பாதியாக மாற்ற. இவன் தண்ணீரிலோ மீனிலோ கோளாறு இருந்தால் டிரம்மில் இருப்பதும் சாகும். அப்போது அவன் சட்டையைப் பிடிக்கலாம் என்பதுதான் என் கணக்கு.

தொட்டியில் மறுபடி இறால் மல்லாந்தது. மீன் மூச்சு வாங்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கியது. டிரம்மில் இருந்ததோ, நான் குனிந்து பார்க்கும்போதெல்லாம் மீசையை ஆட்டிக்கொண்டு தெம்பாக நின்றது. எனக்கு ஆத்திரமாக வந்தது. உயிரோடு இருக்கிற இறாலைப் பார்த்து ஆத்திரப்பட்டவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

சரி, தண்ணீர் இல்லை. அப்படியானால் என்ன. கண்ணாடிக்காரன் வைத்த பசையைச் சந்தேகப்பட்டேன். காய்ந்த பசையைப் பிய்த்து டிரம்மில் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. மணல் விற்றவனைச் சந்தேகப்பட்டு ஒரு கை மணலைப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. நாச்சியம்மாள் வெள்ளிக்கிழமை போடுகிற சாம்பிராணியைச் சந்தேகப்பட்டேன்.

"ஏனுங்க, அந்தப் பொகைல நீங்களே இத்தன வருசமாச் சாகல. மீனு செத்துப்போச்சுங்களா?" என்றாள்.

நெல்லூர்க்காரர் வருகிற நாள் நெருங்கிவிட்டது. கேசவன் ஏதேதோ தடிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டும், மெட்ராசுக்கு போன் போட்டுக்கொண்டும் இருந்தான். ஒருத்தன் வெயில் ஆகாது என்றான், ஒருத்தன் வெளிச்சம் போதாது என்றான். அவர் வருவதற்கு முந்தின நாள் காலையில் மைதீன் பிச்சை செத்ததை அள்ளிக்கொண்டு போக வந்தான். அள்ளிக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

"ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே மொதலாளி?"

"கோவிச்சுக்குவேன். சொல்லு."

"கடல் மீனுக்கு மேல வெள்ளப் புள்ளி விழுந்தா, நாங்க மயில்துத்தம் ஒரு சொட்டு உடுவமுங்க. புள்ளி போயிரும். சித்தெ எச்சாப் போச்சுன்னா மீனே போயிரும். எறா இருக்கற தொட்டினா அந்த ஒரு சொட்டுமே ஆகாதுங்க. மயில்துத்தம்னாச் செம்புதானுங்களே. உங்க பம்பும்…"

அவன் முடிக்கவில்லை. நான் முடிக்க விடவில்லை.

"ஏப்பா, செப்புக் கொடத்துல தண்ணி வெச்சுக் குடிச்சு வளந்த ஒடம்புடா இது. இந்த ஊட்டுல இன்னைக்கும் சமையக்கட்டுல செப்புக் கொடந்தான். நாங்க செத்தா போயிட்டோம்? உன்ற சோப்பு டப்பாவ விக்கறதுக்கு என்ற பம்பக் கொற சொல்றயா?"

"நான் சொல்லலீங்க. தோணுச்சுங்க."

"தோணுச்சா. வா, காட்டறேன்."

ஷெட்டிலிருந்து வந்திருந்த புது இம்பெல்லர் ஒன்று அலமாரியில் இருந்தது. கடைசல் பிடித்துப் பளபளவென்று பொன் மாதிரி இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போய், அவன் கண்ணெதிரிலேயே டிரம்மில் இறக்கினேன்.

"சாயங்காலம் வந்து பாரு. எறா இதும்மேல ஏறி வெளையாடும். அப்பறம் நீ இந்தப் பக்கமே தலை காட்டக் கூடாது."

அவன் போய்விட்டான். நான் டிரம் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மத்தியானச் சோற்றையும் அங்கேயே கொண்டுவரச் சொன்னேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது ஒரு இறால் பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. தூங்குகிறது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று தறிகெட்டு ஓடி டிரம்மின் பக்கத்தில் முட்டிக்கொண்டது. இத்தனை நாளாகப் பசையையும் மணலையும் தின்றுவிட்டு நின்றவை. மைதீன் பிச்சை சாயங்காலம் வந்தபோது ஒன்று கூட நிற்கவில்லை. மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே மேலே வந்தது. அவன் எட்டிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் ஏதாவது பேசியிருந்தால் அவனை நாலு வார்த்தை திட்டவாவது திட்டியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

கேசவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். டிரம்மைப் பார்த்தான், இம்பெல்லரைப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நாளைக்குக் காலைல வர்றாருங்க நைனா."

"வரட்டும். விசயத்தச் சொல்லிரலாம்."

"என்னன்னு? எங்க பம்பு உங்க எறாவக் கொல்லும், வாங்கிக்குங்கன்னா?"

எழுந்து உள்ளே போனவன் கொஞ்ச நேரத்தில் வேறு ஆளாகத் திரும்பி வந்தான். தொட்டியில் இருப்பதை இறைத்துவிட்டு, டாங்கியில் மூடி வைத்திருந்த தண்ணீரை ஊற்ற வேண்டும். காலையில் மைதீன் பிச்சை புது மீன், புது இறால் கொண்டுவர வேண்டும். நெல்லூர்க்காரரின் கார் கேட்டுக்குள் வந்த பிறகுதான் பம்பைப் போட வேண்டும். அவர் இருக்கப்போவது சாப்பாட்டு நேரம் வரைக்கும்தான். அதுவரைக்கும் எதுவும் சாகாது.

"ஆர்டர் கைக்கு வரட்டுங்க. அப்பறம் வேற எதுலயாச்சும் வார்த்துக் குடுத்துக்கலாம்."

"எதுல?"

"பாத்துக்கலாங்க."

"நம்ம ஒலையில ஸ்டீலு உருக்க முடியுமா?"

"பாத்துக்கலாம்னேன் நைனா. நாளைக்கு ஒரு நாளு நீங்க வாயத் தொறக்காம இருந்தாப் போதும்."

நாச்சியம்மாள் அவன் பக்கம்தான் நின்றாள். "அத்தன ஆளுக சோத்துல கை வெக்கறதுங்க. கம்முனு இருங்க," என்றாள். எனக்கும் அது தெரியாதா என்ன. சரி என்றேன்.

பெஞ்சலய்யா வாட்டசாட்டமான மனிதர், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நாங்கள் வீட்டில் பேசுகிற தெலுங்கைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அவரே தமிழுக்கு வந்துவிட்டார், மெட்ராஸ் பக்கத்துத் தமிழ். கார் உள்ளே நுழைந்ததும் கேசவன் சுவிட்சைப் போட்டான். தண்ணீர் சுழன்றது. ஆரஞ்சு மீன் அதில் எதிர்த்து நீந்தியது. இறால் மணலில் மீசையை ஆட்டியது. மைதீன் பிச்சை சமையலறைப் பக்கம் ஒதுங்கி நின்றான்.

பெஞ்சலய்யா தொட்டிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. காப்பி ஆறிப்போயிற்று. சின்னப் பிள்ளை மாதிரி கண்ணாடியில் விரலை வைத்து மீனைத் துரத்தினார்.

"எங்க ஊரு கடலைக் கொண்டாந்து கோயமுத்தூர்ல வெச்சிருக்கீங்களே," என்றார். "பம்பு சத்தமே இல்லியே."

"கன்மெட்டலுங்க. துருவே புடிக்காதுங்க," என்றான் கேசவன்.

"என் ரைஸ் மில்ல வித்துட்டேன் தம்பி. பூரா இதுலதான் போட்டிருக்கேன். குஞ்சு நின்னாத்தான் நான் நிப்பேன்." அப்புறம் சாதாரணமாகத்தான் கேட்டார். "இந்த எறா எவ்ளோ நாளா இருக்குது?"

"ஒரு மாசம் இருக்குமுங்க," என்றான் கேசவன். "பம்பு நிக்காம ஓடுதுங்க."

நான் பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். அந்த ஆள் குனிந்து, பம்புப் பாடியில் வார்த்திருந்த எழுத்தைத் தடவினார். "வெங்கடபதி," என்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "நீங்கதானே பெரியவரே?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னைக்குக் காலைல உட்டதுங்க," என்றேன்.

கேசவன் "நைனா," என்றான்.

"இதுக்கு முன்னாடி உட்டது பூராச் செத்துப்போச்சுங்க. பம்புல இருக்கற செம்பு தண்ணில எறங்குது. மீனு ரெண்டு நாளு தாங்கும். எறா தாங்காது. உங்க குஞ்சுக்கு அத்தன நேரங்கூட வேண்டாம்."

பெஞ்சலய்யா என்னைப் பார்த்தார், என் மகனைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"நிஜமா தம்பி?"

கேசவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்ப இந்த வேஷம் எதுக்கு?"

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். அப்போது பார்த்து நாச்சியம்மாள் உள்ளேயிருந்து வந்து, வாசலை மறித்துக் கிடந்த சோபாப் பக்கம் நின்றுகொண்டாள்.

"எல போட்டாச்சுங்க. சாப்படாமப் போகக் கூடாதுங்க."

"இல்லம்மா, நேரமாச்சு."

"யாவாரம் ஆகுது ஆகலை, அது உங்க பாடுங்க. என்ற ஊட்டுக்கு வந்தவங்க பசியோட போனதில்லீங்க. வந்து உக்காருங்க."

அந்த மனிதருக்குத் தப்பிக்க வழி தெரியவில்லை. உட்கார்ந்தார். கேசவன் பரிமாறினான். பொய் சொன்னவன் கையால் பொய் கேட்டவர் சோறு வாங்கித் தின்கிற கண்றாவியை நான் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். ரசத்தை மட்டும் அவர் மறுபடி மறுபடி கேட்டு வாங்கிக் குடித்தார். கை கழுவிவிட்டு நாச்சியம்மாளைக் கும்பிட்டார். என்னிடம் வந்து, "எனக்குப் பம்பு அடுத்த மாசம் வேணும் பெரியவரே. நீங்க வேற ஒண்ணு செஞ்சு முடிக்கற வரைக்கும் என்னால நிக்க முடியாது," என்றார். கேசவனைத் திரும்பிப் பார்க்காமலே காரில் ஏறினார். ஆர்டர் போயிற்று.

கார் தெருவைத் தாண்டியதும் கேசவன் ஆரம்பித்தான்.

"கேட்டது என்னையத்தானுங்க. நீங்க எதுக்கு பதில் சொன்னீங்க?"

"அந்தாளு மில்ல வித்துப்போட்டு வந்திருக்கான்டா. கேட்டயில்ல?"

"கேட்டனுங்க. அவருக்கு ஸ்டீல்ல பண்ணிக் குடுத்திருப்பேன்."

"எங்க? எப்ப? நீ பண்றதுக்குள்ள அவன் தொட்டில எல்லாம் மெதந்திருக்கும். அதும்மேல என்ற பேரு வார்த்திருக்குது."

"பேரு," என்றான். "பேரு பேருன்னா, ஒலையில நிக்கற ரசாக் பாய்க்கும் மத்தவங்களுக்கும் அதையே கூலியாக் குடுத்தறலாங்களா?"

நான் தொட்டிக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன். மைதீன் பிச்சை கேட்காமலே சுவிட்சை அணைத்து, உயிரோடு இருந்ததையெல்லாம் பைகளில் பிடித்துக் காற்று ரொப்பிக் கட்டிக்கொண்டு போய்விட்டான். தொட்டியில் தண்ணீர் மட்டும் நின்றது. ஒரு லாரித் தண்ணீர். செடிக்கு ஊற்ற முடியாது, மாட்டுக்கு வைக்க முடியாது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது.

பொழுது இறங்குகிற நேரம் டி.வி.எஸ். ஃபிப்டி சத்தம் கேட்டது. ரசாக் பாய். எங்கள் ஃபவுண்டரியில் ஊற்றுகிறவர்களுக்கு மேஸ்திரி, என்னோடு ஆரம்பத்திலிருந்து இருப்பவர். உள்ளே வராமல் படியிலேயே நின்றார்.

"ஷிப்டு முடிஞ்சும் ஆளுக யாரும் போகலீங்க. கேட்டுல உக்காந்திருக்காங்க. என்ன ஆச்சுன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

நான்தானே கெடுத்தேன், நான்தான் சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். அதற்குள் கேசவன் வாசலுக்கு வந்துவிட்டான். என்னைத்தான் கைகாட்டப் போகிறான் என்று நினைத்தேன்.

"ஆர்டர் இல்லீங்க பாய்," என்றான்.

"ஏனுங்க?"

"பம்பு செரியில்லீங்க. நம்ம கன்மெட்டல்ல எறா சாவுது. அவருக்கு ஆகாது."

"கன்மெட்டலுங்களா? கப்பலுக்கே போடறதுங்களே."

"கப்பலு சாகாதுங்க. எறா சாவுது."

ரசாக் பாய் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்ப நாளைக்கு?"

"பாதி ஷிப்டுதானுங்க," என்றான் கேசவன். "தீபாவளிக்கு அப்பறம் என்னன்னு எனக்கே தெரியலீங்க. வாங்க, நானே வந்து சொல்றேன்." கார்ச் சாவியை எடுத்தவன் என் பக்கம் திரும்பினான். முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது. "நீங்களும் வாங்க நைனா. ஆனா பேச வேண்டாம். பின்னால நின்னாப் போதும்."

போனேன். ஆட்கள் எழுந்தார்கள். அவன் பேசினான். நான் பின்னால் நின்றேன், வாயைத் திறக்கவில்லை.